முந்திக்கொண்டு போர் தொடுக்கலாமா?

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் ஒரு விவாத மேடை நடந்தது. தலைப்பு, "எதிரி தாக்குவதற்கு முன் நாம் தாக்குவது நியாயமே". சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு "நியாயமே" அணி விழுந்தது. பி.காம். படிக்கிற பையனுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஆள் குறைகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போனேன், பேசினேன், ஜெயித்தும் விட்டேன்! ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.

ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் திருவள்ளுவர். முள்மரத்தைச் சின்னச் செடியாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், வளரவிட்டால் வெட்டுகிறவன் கையையே அது கிழிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே, அப்புறம் என்ன பேச்சு என்று கேட்டேன். கைதட்டல். எதிரணிக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வள்ளுவரை எதிர்த்து யார் மேடையில் பேசுவது?

பிறகு டீக்கடையில் எதிரணியில் தோற்ற நண்பன் ஒருவன் கேட்டான். "நல்லாத்தான் பேசின மச்சான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. வெட்டி முடிச்ச அப்புறம் அது முள்மரமே இல்லைன்னு தெரிஞ்சா, அதை யார் கணக்குல எழுதுவ?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் என் கருத்து கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜெயித்த பேச்சுக்கு நானே எழுதும் மறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "முந்திக்கொண்டு தாக்குவது" என்று ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம். ஒன்று, எதிரி கையை ஓங்கிவிட்டான், இன்னும் ஒரு நொடியில் அடி விழும், அதற்குள் நாம் அடிப்பது. இன்னொன்று, எதிரி இன்று சும்மா இருக்கிறான், ஆனால் ஐந்து வருடம் கழித்து பலசாலியாகி அடிப்பான் என்று நினைத்து இன்றே அடிப்பது. மேடையில் நான் முதலாவதற்கு உதாரணம் சொல்லி இரண்டாவதற்குக் கைதட்டல் வாங்கினேன். நான் மட்டுமில்லை, பெரிய பெரிய ஜனாதிபதிகளும் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

முதலாவதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1837 டிசம்பரில் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒரு கலகம். கலகக்காரர்களுக்கு அமெரிக்கக் கரையிலிருந்து கரோலின் என்கிற நீராவிக் கப்பல் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தது. பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் ராத்திரியில் நயாகரா நதியைக் கடந்து அமெரிக்க எல்லைக்குள் வந்து, கப்பலுக்குத் தீ வைத்து நீரோட்டத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு அமெரிக்கர் செத்துப்போனார். தற்காப்புக்காகச் செய்தோம் என்றது பிரிட்டன். அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக வந்த டேனியல் வெப்ஸ்டர் திருப்பிக் கேட்டது இதுதான்: ஆபத்து அந்த நிமிடமே தலைக்கு மேல் இருந்ததா? வேறு வழியே இல்லாமல் இருந்ததா? யோசிக்கக்கூட நேரமில்லாமல் இருந்ததா? அதை நிரூபியுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். (ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு இன்னும் கறார். ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்றுதான் அதில் இருக்கிறது. நடக்கப் போகிறது என்றால் என்ன செய்வது என்று சட்டக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

நான் மேடையில் சொன்ன உதாரணம் 1967. அந்த வருடம் மே மாதம் எகிப்து அதிபர் நாசர், சினாயில் இருந்த ஐ.நா. அமைதிப் படையைப் போகச் சொன்னார். தன் படையை அங்கே கொண்டுவந்து குவித்தார். இஸ்ரேல் கப்பல்களுக்கு டிரான் ஜலசந்தியை மூடினார். ஜோர்டானோடு ராணுவ ஒப்பந்தமும் போட்டார். ஜூன் 5 காலையில் இஸ்ரேல் விமானங்கள் எகிப்தின் விமானத் தளங்களைத் தாக்கின. சில மணி நேரத்தில் எகிப்து விமானப் படையில் பெரும்பகுதி தரையிலேயே காலி. ஆறு நாளில் போர் முடிந்தது. கையை ஓங்கியவனை முந்தி அடித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்தேன்.

ஆனால் 1982இல் இஸ்ரேல் பிரதமர் மெனாக்கெம் பெகின் ஒரு உரையில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். சினாயில் எகிப்துப் படை குவிந்தது நாசர் தாக்கத்தான் போகிறார் என்பதற்கு நிரூபணம் ஆகாது, நாம்தான் தாக்க முடிவு செய்தோம் என்றார். இவர் 1967 ஜூனில் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர். இதைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரியான உதாரணத்திலேயே இவ்வளவு சந்தேகம் இருக்கிறது! இருந்தாலும் சொல்கிறேன், 1967 மே மாதத்தில் டெல் அவிவில் இருந்தவர்களின் பயம் பொய்யான பயம் இல்லை. எல்லையில் படை இருந்தது, ஜலசந்தி மூடியிருந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதில் எந்தப் பக்கம் நியாயம் என்று யாராவது என்னைக் கேட்டால் இன்றும் திணறுவேன்.

ஈராக் விஷயத்தில் எனக்குத் திணறல் இல்லை.

நான் பிறந்தது 2003. ஈராக் போருக்கும் எனக்கும் ஒரே வயது. அதனாலோ என்னவோ அதைப் பற்றித்தான் நிறையப் படித்தேன். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அடுத்த வருடம், 2002 ஜூனில், ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் பேசிய புஷ், ஆபத்து முழுசாக உருவாகும் வரை காத்திருந்தால் ரொம்பக் காலம் காத்திருந்துவிட்டோம் என்று அர்த்தம் என்கிற மாதிரி பேசினார். செப்டம்பரில் அது அமெரிக்காவின் பாதுகாப்புக் கொள்கையாகவே எழுத்தில் வந்துவிட்டது. இது கரோலின் கப்பல் நியாயம் கிடையாது, நான் சொன்ன இரண்டாவது வகை. பெயர் மட்டும் முதல் வகையின் பெயர்.

2003 பிப்ரவரி 5. காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் கையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டிப் பேசினார். ஈராக்கில் லாரிகளில் வைத்தே கிருமி ஆயுதம் தயாரிக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். தணிக்கை பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? வவுச்சர் எங்கே? அதில் யார் கையெழுத்து? சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரில் கேட்டீர்களா? சரி, அந்த லாரிக்கு வவுச்சரைப் பார்ப்போம். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஒரு ஈராக்கியர் ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்ன கதை அது. "கர்வ்பால்" என்று அவருக்குச் சங்கேதப் பெயர். போருக்கு முன்னால் சி.ஐ.ஏ. அவரை நேரில் உட்காரவைத்து விசாரிக்கவே இல்லை. 2011இல் அவரே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, சொன்னதெல்லாம் பொய் என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த வவுச்சர், நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க ஈராக் முயன்றதாக ஒரு கட்டு ஆவணம். சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதேய் 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு சபையிலேயே எழுந்து, அந்த ஆவணங்கள் உண்மையானவை இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாவது, அலுமினியக் குழாய்கள். யுரேனியம் செறிவூட்டத்தான் அவை என்றார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிபுணர்களே, இல்லை, இது ராக்கெட்டுக்கான குழாய் மாதிரி இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு சின்ன மளிகைக்கடைக் கணக்கில் இப்படி மூன்று பதிவு இருந்தால் எங்கள் சார் பேரேட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். இங்கே ஒரு நாட்டின் மேல் குண்டு போட்டார்கள்.

ஆனால் சாட்சியம் தப்பு என்பதை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. தப்பு யாருக்கும் வரும். அவசரம் என்ன இருந்தது?

சோதனையாளர்கள் ஈராக்கில் இருந்தார்கள் ஐயா! 2002 நவம்பர் கடைசியில் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஐ.நா. குழு உள்ளே போனது. நான்கு மாதத்துக்குள் 700க்கும் மேற்பட்ட சோதனைகள். நினைத்த இடத்துக்குப் போகிறார்கள், கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். அனுமதித்த 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் அல் சமூத் ஏவுகணைகளைக் கண்டுபிடித்து, உடைக்கச் சொன்னார்கள். போருக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈராக் அவற்றை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தது. மிச்ச வேலைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று மார்ச் 7 அன்று பிளிக்ஸ் சொன்னார். வருடக்கணக்கும் இல்லை, வாரக்கணக்கும் இல்லை, சில மாதங்கள் ஆகும். அவ்வளவுதான் கேட்டார். கொடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள், மார்ச் 20 அதிகாலையில், பாக்தாத் மேல் குண்டு விழுந்தது.

வெப்ஸ்டர் கேட்ட மூன்று கேள்வியையும் இங்கே கேட்டுப் பாருங்கள். ஆபத்து தலைக்கு மேல் இருந்ததா? இல்லை. வேறு வழி இல்லையா? வழி இருந்தது, அது வேலையும் செய்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லையா? சில மாதங்கள் இருந்தன.

போருக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய தேடுதல் குழு 2004இல் அறிக்கை கொடுத்தது. ஆயுதக் குவியல் எதுவும் இல்லை, பழைய ரசாயன ஆயுதங்களைக்கூட ஈராக் 1991லேயே அழித்துவிட்டது. அப்படியென்றால் சதாம் ஏன் அதை உரக்கச் சொல்லவில்லை? பக்கத்து நாடான ஈரானுக்குப் பயந்து, இருக்கிற மாதிரியே ஒரு பாவனை காட்டிக்கொண்டிருந்தார் என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஒருவன் பயத்தில் காட்டும் வீறாப்பை இன்னொருவன் பார்த்துப் பயந்து போர் தொடுத்த கதை. பிரிட்டனில் சில்காட் கமிட்டி ஏழு வருடம் ஆராய்ந்து 2016இல் அறிக்கை கொடுத்தது. போர் அப்போது கடைசி வழியாக இருக்கவில்லை, அமைதி வழிகள் தீர்ந்துபோகவும் இல்லை என்று அதில் எழுதிவிட்டார்கள்.

இப்போது நண்பன் கேள்விக்கு வருகிறேன். யார் கணக்கில் எழுதுவது?

கணக்குப்பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று உண்டு. வரப்போகும் இலாபத்தை இன்றே எழுதாதே, வரக்கூடிய நட்டத்துக்கு மட்டும் இன்றே ஒதுக்கி வை. கடன் வாங்கியவன் தருவானா என்று சந்தேகமா? வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிடு. முதலில் பார்த்தால் புஷ் சொன்னதும் இதுதானே என்று தோன்றும். துணை ஜனாதிபதி டிக் செய்னி இன்னும் ஒரு படி மேலே போனார் என்று ரான் சஸ்கிண்ட் என்கிற பத்திரிகையாளர் 2006இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆபத்துக்கு ஒரு சதவீதம் வாய்ப்பு இருந்தால்கூட அது நிச்சயம் என்று வைத்துக்கொண்டு செயல்பட வேண்டும் என்பது அவர் கொள்கையாம்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒதுக்கு வைக்கும்போது நான் என் இலாபத்திலிருந்து எடுத்து வைக்கிறேன். சந்தேகம் என்னுடையது, செலவும் என்னுடையது. நாளைக்கே கடன்காரன் முழுசாகப் பணம் கட்டிவிட்டால், ஒதுக்கை ரத்து செய்து திருப்பி எழுதிக்கொள்கிறேன். யாருக்கும் நட்டமில்லை. சந்தேகம் வந்தவுடன் கடன்காரன் வீட்டைக் கொளுத்து என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஒரு சதவீதம் ஆபத்து என்றால் மிச்சம் தொண்ணூற்றொன்பது சதவீதம் அந்த ஆள் ஒன்றுமே செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அந்தத் தொண்ணூற்றொன்பதையும் அவன் கணக்கில் பற்று எழுதிவிட்டு, முன்னெச்சரிக்கை என்று பெயர் வைக்கிறோம். திருப்பி எழுத வழியும் கிடையாது.

டாலர் கணக்கே தப்பாகத்தான் போனது. 2002இல் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சொன்னார். சில மாதத்தில் அவர் பதவி போனது. 5,000, 6,000 கோடிதான் ஆகும் என்று நிர்வாகம் சொன்னது. கடைசியில் நேரடிச் செலவு மட்டும் 80,000 கோடியைத் தொட்டது. சரி, அது அவர்கள் பணம், அவர்கள் பாடு. 4,400க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அதுவும் அவர்கள் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். (அந்தச் சிப்பாய்களில் முடிவெடுத்தவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.) ஈராக்கில் வன்முறையில் செத்த பொதுமக்கள், ஒவ்வொரு சாவையும் செய்தியில் பார்த்துப் பதிவு செய்த ஈராக் பாடி கவுண்ட் கணக்குப்படி, ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். செய்தியில் வராதது இதில் சேராது. இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எழுதவே இல்லை. பவல் பின்னாளில், அந்த ஐ.நா. உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று வருத்தப்பட்டார். 

கணக்கு அத்தோடு நிற்கவும் இல்லை. 2003 மே மாதம் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆட்கள் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய குழப்பத்தில் வளர்ந்த கூட்டம்தான் 2014 ஜூனில் மோசூல் நகரத்தைப் பிடித்த ஐ.எஸ். அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்த 39 இந்தியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் பஞ்சாப் பையன்கள். செத்துவிட்டார்கள் என்று நம் அரசாங்கம் உறுதி செய்தது 2018 மார்ச்சில். கிட்டத்தட்ட நான்கு வருடம் அந்த வீட்டுக்காரர்கள் போன் வரும் என்று காத்திருந்தார்கள். 2003இல் வாஷிங்டனில் கணக்குப் போட்டவர்களுக்கு இவர்கள் யாரென்று தெரிந்திருக்குமா?

சதாம் கொடுங்கோலன்தானே, 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மேல் விஷவாயு போட்டவன்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அது வேறு வழக்கு. மக்களைக் காப்பாற்றப் போகிறேன் என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லிப் போக வேண்டும். ஆயுதம் இருக்கிறது என்று போய், அது கிடைக்காத பிறகு காரணத்தை மாற்றினால் அதற்குப் பெயர் கணக்கைத் திருத்துவது.

இந்த நியாயத்தில் இன்னொரு வில்லங்கம், அது ஒருவர் வீட்டுச் சொத்தாக இருக்காது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த 2003 ஏப்ரலில், நம் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்ஹா, முந்திக்கொண்டு தாக்க அமெரிக்காவுக்கு ஈராக்கில் இருக்கும் காரணத்தை விட இந்தியாவுக்குப் பாகிஸ்தான் விஷயத்தில் வலுவான காரணம் இருக்கிறது என்று சொன்னார். தப்பாகச் சொன்னார் என்று சொல்ல முடியாதே! நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. (வேடிக்கை என்னவென்றால், அதே ஏப்ரலில் நம் மக்களவை ஈராக் போரைக் கண்டித்துத் தீர்மானமும் போட்டது.) இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் "அவன் அடிப்பதற்குள் நான் அடிக்க வேண்டும்" என்று நினைத்தால் என்ன ஆகும்? 2022 மே 9 அன்று புடின், உக்ரைனில் தான் செய்தது ஆக்கிரமிப்பை முந்திக்கொண்டு தடுத்த காரியம் என்றார். 2025 ஜூனில் ஈரானைத் தாக்கிய இஸ்ரேலும் அதே வார்த்தையைத்தான் சொன்னது. மூன்றும் ஒன்றா என்றால், இல்லை. ஆனால் சொல்கிற வார்த்தை ஒன்றாக இருக்கிறது. அந்த வார்த்தையை முதலில் இவ்வளவு தளர்த்தி விட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எனக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பின்னால் வந்து மடக்குவதற்கு முன் நானே முந்திக்கொள்கிறேன். :-)

1973 அக்டோபர் 6. யூதர்களின் யோம் கிப்பூர் பண்டிகை நாள். அன்று எகிப்தும் சிரியாவும் தாக்கப் போகின்றன என்று விடிவதற்குள் இஸ்ரேலுக்குத் தகவல் வந்துவிட்டது. இந்த முறை கை நிஜமாகவே ஓங்கியிருந்தது. தளபதி எலாசர் முந்திக்கொண்டு விமானத் தாக்குதல் நடத்த அனுமதி கேட்டார். பிரதமர் கோல்டா மேயர் மறுத்துவிட்டார். நாம் முதலில் அடித்தால் நாளைக்கு உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மதியம் இரண்டு மணிக்குத் தாக்குதல் ஆரம்பித்தது. அந்தப் போரில் இஸ்ரேல் தரப்பில் 2,600 பேருக்கு மேல் செத்தார்கள். பின்னால் அமெரிக்காவிலிருந்து விமானம் விமானமாக ஆயுதம் வந்தது என்பது உண்மை. செத்துப்போன பையன்களின் அம்மாக்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் அந்தக் குப்பியைத் தூக்கிக் காட்டியவர் மாதிரிதான்.

இதற்கு என்னிடம் இருக்கும் பதில் முழுப் பதில் இல்லை. அன்று காலை கோல்டா மேயர் சம்மதம் என்று சொல்லியிருந்தால் அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். படை கிளம்பிவிட்டது, மணி தெரியும், பேசித் தீர்க்க நேரமில்லை. வெப்ஸ்டரின் மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது. ஆக, முந்திக்கொண்டு தாக்குவது எப்போதுமே பாவம் என்று நான் சொல்லவில்லை. நேரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் கேள்வி. நேரம் இருக்கும்போது, சோதிக்க ஆள் அங்கேயே நிற்கும்போது, "இருக்கலாம்" என்பதை "இருக்கிறது" என்று எழுதி அடுத்தவன் ஊர்மேல் குண்டு போடுவதற்கு எந்த நியாயமும் எனக்குப் புரியவில்லை. "சந்தேகத்துக்குச் செலவு செய்கிறவன் நீயா, நானா?" என்று ஒரு ஈராக்கியர் கேட்டால் மேடையில் பேசிய எனக்குப் பதில் கிடையாது.

வள்ளுவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது முள்மரத்தைப் பற்றி. முள் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும், தொட்டால் குத்தும். நான்தான் முள்ளைப் பார்க்காமலே வெட்டலாம் என்று அர்த்தம் பண்ணி ஒரு கடிகாரம் வாங்கிவிட்டேன்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "இதை அன்னைக்கே பேசியிருந்தா கடிகாரம் எனக்கு வந்திருக்கும்ல" என்றான். 1973ஐ வைத்து என்னை மேற்கொண்டு மடக்க முடியும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். கேன்டீன் பின்னால் இருக்கிற டீக்கடைதான். டீ என் கணக்கு.